ட்ரெய்லர் தானாகக் கழல்வதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஓடிக்கொண்டிருந்த ட்ரெய்லர் முன்வண்டியிலிருந்து பிரிந்து நடுச்சாலையில் மூக்குக்குத்தி நின்றது என்ற செய்தி நம் பக்கத்துப் பத்திரிகைகளில் எப்போது வந்தாலும், அதில் 'தானாகக் கழன்று' என்னும் சொற்கள் தவறாமல் இருக்கக் காண்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் லாரித் தொழிலில் இருந்து, அதில் கடைசி இருபத்திரண்டு ஆண்டுகள் தூத்துக்குடித் துறைமுகத்துக்கும் திருநெல்வேலி, நாகர்கோவில், மதுரை வட்டாரங்களுக்கும் இடையே ட்ரெய்லர் ஓட்டி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அந்தத் 'தானாக' என்ற சொல்லைப் பற்றித்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன். ஒழுங்காக மாட்டப்பட்ட ட்ரெய்லர் தானாகக் கழல்வதில்லை. கழன்றது என்றால், பெரும்பாலும் அது புறப்படும்போதே சரியாக மாட்டப்படவில்லை என்று பொருள். மாட்டிவிட்டதாக ஓட்டுநர் நம்பியிருப்பார், அவ்வளவுதான்.

ட்ரெய்லரை மாட்டுவதை வாசகர்களில் பலர் அருகில் நின்று பார்த்திருக்க மாட்டார்கள் என்பதால், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ட்ரெய்லரின் முன்பகுதியில் அடித்தகட்டிலிருந்து கீழ்நோக்கி ஒரு தடித்த எஃகு முளை தொங்கும்; அதற்குக் கிங் பின் என்று பெயர். அதன் கழுத்து, சாதாரண ட்ரெய்லர்களில் இரண்டு அங்குல விட்டமும், பெரும்பாரம் ஏற்றும் ட்ரெய்லர்களில் மூன்றரை அங்குல விட்டமும் உடையது. முன்வண்டியின் பின்புறச் சட்டத்தின் மேல், கிரீஸ் தடவிய பெரிய இரும்புத் தட்டு ஒன்று, பின்பக்கம் ஆட்டுக்குளம்பு போலப் பிளந்து, முன்னும் பின்னும் சாய்ந்தாடும்படி பொருத்தப்பட்டிருக்கும். ஃபிப்த் வீல் என்று கம்பெனிக்காரர்கள் சொல்வது இதைத்தான். முன்வண்டியைப் பின்னோக்கி எடுத்து ட்ரெய்லருக்கு அடியில் நுழைக்கும்போது, கிங் பின் அந்தப் பிளவின் வழியாக உள்ளே போகும்; தட்டுக்குள் இருக்கும் தாடைகள் அதன் ஒடுங்கிய கழுத்தைச் சுற்றிக் கவ்விப் பூட்டிக்கொள்ளும். 2018-ஆம் ஆண்டு எடை வரம்பை உயர்த்திய பிறகு, முன்வண்டி, ட்ரெய்லர், சரக்கு மூன்றும் சேர்ந்து 55 டன் வரை சாலையில் போகலாம். அதில் ட்ரெய்லரையும் சரக்கையும் இழுத்து வருவது அந்த இரண்டு அங்குலக் கழுத்துத்தான். கடையாணியைத் தொட்டுப் பார்க்காமல் மாட்டுவண்டியைக் கிளப்பாத மனிதர்கள் வாழ்ந்த ஊர்களில்தான், இன்று 55 டன் வண்டியை ஒரு சத்தத்தை மட்டும் நம்பிக் கிளப்பிக்கொண்டிருக்கிறோம்.

பூட்டு விழும்போது 'டக்' என்று ஒரு சத்தம் வரும். புதிதாக வரும் பையனுக்கு எங்கள் தொழிலில் முதலில் சொல்லிக் கொடுப்பதே அந்தச் சத்தத்தைத்தான். சத்தம் கேட்டால் மாட்டியாயிற்று. பிரேக்குக்குக் காற்று கொண்டுபோகும் ஹோஸை மாட்டு, ட்ரெய்லரின் முன்காலைத் தூக்கு, கிளம்பு. எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் கிளம்பினேன். அந்தச் சத்தம் பூட்டு விழுந்ததால் மட்டும் வருவதில்லை என்பதை நான் கற்றுக்கொண்டது காவல்கிணற்றுக்குத் தெற்கே, ஓர் ஆடி மாத இரவில்.

ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து வரும் ஆடிக்காற்றை இந்தப் பக்கத்தில் வண்டி ஓட்டியவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நின்றுகொண்டிருக்கும் வெறும் ட்ரெய்லரே அசைந்து கொடுக்கும். பக்கத்தில் நிற்பவரிடம் பேச வேண்டுமென்றால் காதருகே போய்த்தான் பேச வேண்டும். வேறோர் ஓட்டுநர் கழற்றிவிட்டுப் போயிருந்த காலி ட்ரெய்லரை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போக வேண்டும் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். அவருடைய முன்வண்டி என்னுடையதைவிட உயரமானது. அதனால், ஜாக்கி என்று நாங்கள் சொல்லும் ட்ரெய்லரின் இரண்டு முன்கால்களும் என் தட்டுக்குப் பொருந்தாத உயரத்தில் அந்த ட்ரெய்லரைத் தாங்கிக்கொண்டிருந்தன. இறங்கிப் பார்த்திருந்தால் குழந்தைக்குக்கூடத் தெரிந்திருக்கும். நான் இறங்கவில்லை. கண்ணாடியில் பார்த்து நேராக்கிக்கொண்டு பின்னால் எடுத்தேன், ஏதோ இடித்தது, காற்றின் இரைச்சலுக்கு நடுவே 'டக்' என்று ஏதோ கேட்டது. முதல் கியரில் லேசாக முன்னால் இழுத்துப் பார்த்தேன். ட்ரெய்லர் பிடித்துக்கொண்டு நின்றது. இழுத்துப் பார்த்தாயிற்று, பிடிக்கிறது, இனி என்ன வேண்டும் என்று ஹோஸ்களையும் விளக்கு ஒயரையும் மாட்டி, ஜாக்கியைத் தூக்கிவிட்டுக் கிளம்பினேன்.

உள்ளே நடந்தது வேறு. ட்ரெய்லர் உயரமாக நின்றதால், கிங் பின்னின் கழுத்து தாடைகளுக்குள் இறங்கவே இல்லை. அதன் அடிவிளிம்பு மட்டும் தாடைகளின் மேல் விளிம்பில் தொற்றிக்கொண்டு நின்றது. மெதுவாக இழுத்தபோது அந்தத் தொற்றலே போதுமானதாக இருந்தது. யார்டிலிருந்து வெளியேறிச் சாலையில் ஏறுகிற இடத்தில் ஒரு சாண் உயர மேடு. முன்வண்டி மேட்டில் ஏறி இறங்கியபோது தட்டு சாய்ந்தது, முளை மேலெழும்பி விடுபட்டது. ட்ரெய்லரின் மூக்கு முன்வண்டிச் சட்டத்தின் வாலில் விழுந்து வழுக்கித் தரையில் இறங்கியது. சிவப்பு ஹோஸ் அறுந்த கணத்தில் ட்ரெய்லரின் பிரேக் தானே பிடித்துக்கொண்டதால் அது உருண்டு சாலைக்கு வரவில்லை. பெட்டி ஏற்றாத வண்டி, ஆளில்லாத நேரம், பத்து கிலோமீட்டர்கூட இல்லாத வேகம். இந்த மூன்றில் ஒன்று மாறியிருந்தாலும் இக்கடிதத்தை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

மறுநாள் அலுவலகத்தில் ஒரு தாளை நீட்டினார்கள். 'ட்ரெய்லர் தானாகக் கழன்றுவிட்டது' என்று அதில் எழுதியிருந்தது. இன்சூரன்சுக்கும் அது வசதி, எனக்கும் வசதி, உயரம் பார்க்காமல் விட்டுப்போன முந்தைய ஓட்டுநருக்கும் வசதி. நான் கையெழுத்திட்டேன். 'தானாக' என்ற சொல் செய்தியில் எங்கிருந்து வருகிறது என்பதை நான் அறிந்தது அப்படித்தான். அந்தச் சொல்லின் மேல் எனக்குள்ள கோபத்தில் பாதி என் மேலேயே உள்ள கோபம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அதற்குப் பிறகு ஓய்வு பெறும் நாள்வரை, மாட்டிய பிறகு டார்ச்சை எடுத்துக்கொண்டு ட்ரெய்லருக்கு அடியில் குனிந்து பார்க்காமல் நான் வண்டியைக் கிளப்பியதில்லை. பார்க்க வேண்டியது அதிகமில்லை. ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, இன்ஜினை நிறுத்திச் சாவியைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, முன்வண்டியின் பின்சக்கரங்களுக்குப் பக்கத்தில் போய்க் குனிய வேண்டும். ட்ரெய்லரின் அடித்தகடும் முன்வண்டியின் தட்டும் ஒட்டிப் படிந்திருக்க வேண்டும். நடுவில் வெளிச்சம் தெரிந்தால், விரல் நுழையும் இடைவெளி இருந்தால், மாட்டவில்லை. பின்பக்கத்திலிருந்து பிளவுக்குள் டார்ச்சை அடித்தால், தாடை கிங் பின்னின் கழுத்துக்குப் பின்னால் வந்து மூடியிருப்பது தெரிய வேண்டும். சரியாக மாட்டியிருந்தால் முளையின் அடிவிளிம்பு தாடைக்குக் கீழே தொங்கும்; அது தாடையின் மேல் உட்கார்ந்திருந்தால், காவல்கிணற்றில் எனக்கு நடந்ததுதான் அங்கும் நடக்கக் காத்திருக்கிறது. கடைசியாக, பூட்டைத் திறக்கும் கைப்பிடி முழுவதும் உள்ளே போயிருக்க வேண்டும், அதன் பாதுகாப்புக் கொக்கி விழுந்திருக்க வேண்டும். கைப்பிடி இரண்டு அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், சத்தம் எவ்வளவு கணீரென்று கேட்டிருந்தாலும் பூட்டு முழுதாக விழவில்லை. இத்தனைக்கும் இரண்டு நிமிடம் ஆகாது. லேசாக இழுத்துப் பார்ப்பதும் வேண்டியதுதான். ஆனால் அது குனிந்து பார்ப்பதற்குப் பதிலாகிவிடாது.

உயரம் சரியா என்பதை நுழைக்கும் முன்பே பார்த்துவிட்டால் இந்தச் சிக்கல் எழுவதே அரிது. முன்வண்டியை ட்ரெய்லருக்கு அருகில் கொண்டுவந்து நிறுத்தி, இறங்கி, தட்டின் நடுப்பகுதியையும் ட்ரெய்லரின் அடித்தகட்டையும் கண்ணால் ஒப்பிட வேண்டும். அடித்தகடு தட்டின் நடுவைவிடக் கொஞ்சம் தாழ்வாக இருப்பதே சரி. நுழையும்போது தட்டு ட்ரெய்லரைச் சற்றே தூக்கிக்கொண்டு போக வேண்டும். தூக்கினால் ஜாக்கியின் பாதம் தரையைவிட்டு ஒரு நூல் எழும்புவது தெரியும். மிகத் தாழ்ந்திருந்தால் ட்ரெய்லரின் மூக்கு முன்வண்டியின் சட்டத்தில் மோதும். அது உடனே தெரிந்துவிடும், பழுதோடு போய்விடும். உயர்ந்திருப்பதுதான் ஆபத்து, ஏனென்றால் அது மாட்டியது போலவே இருக்கும்.

கிரீஸ் விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்துத் தேரி மணலுக்கு எதில் வேண்டுமானாலும் புகுந்துவிடும் குணம் உண்டு. பழைய கிரீஸைத் துடைக்காமல் அதன் மேலேயே புதிதை அப்பிக்கொண்டு வந்தால், அந்தச் செம்மணலும் கிரீஸும் குழைந்து, காய்ந்த வெல்லப்பாகு போலத் தாடைகளின் மூட்டில் இறுகிவிடும். தாடை முக்கால் பங்கு மூடி அங்கேயே நின்றுவிடும். மண்ணெண்ணெயும் கந்தல்துணியும் கொண்டு மாதத்துக்கு ஒருமுறையாவது சுத்தமாகத் துடைத்துப் புதிதாகத் தடவ வேண்டும் என்று சொன்னால், கிரீஸுக்குக் கணக்குக் கேட்கும் முதலாளிகள் இருக்கிறார்கள்.

மாட்டுவதில் உள்ள ஆபத்து சாலையில் தெரியும். கழற்றுவதில் உள்ள ஆபத்து யார்டுக்குள்ளேயே முடிந்துவிடுவதால் அது செய்தியாவதே இல்லை. ட்ரெய்லரைக் கழற்றியதும் அதன் முன்பாரம் முழுவதும் இரண்டு ஜாக்கிக் கால்களின் மேல் இறங்குகிறது. அந்தக் கால்களின் பாதம் ஒரு சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிதல்ல. நம் மாவட்டங்களில் கழற்றிவிடும் நிலத்தைப் பாருங்கள். கயத்தாறு, ஓட்டப்பிடாரம் பக்கம் கரிசல். கோடையில் பாறை போல இருந்து, ஐப்பசி மழை இரண்டு நாள் பெய்ததும் மேலே காய்ந்து உள்ளே களியாகிவிடும். இராதாபுரத்துக்குக் கிழக்கே தேரி. அது மழை பெய்யாமலே காலை விழுங்கும். நெல்லைக்கு அருகே மட்டும் சரளைத் தரை உள்ள யார்டுகள் சில கொஞ்சம் தாங்கும். ஆகவே கட்டை இல்லாமல் நான் எங்கும் கழற்றியதில்லை. முதலில் இடித்த பழைய வீட்டிலிருந்து பனங்கைகளை வாங்கி அறுத்து வைத்திருந்தேன். அவை நாரோடு பிளந்துவிட்டன. பிறகு கருவேல மரத்தில் ஒன்றரை அடிச் சதுரத்தில், மூன்று அங்குலக் கனத்தில் பலகைகள் அறுத்து வாங்கினேன். அவை கடைசிவரை உழைத்தன.

கழற்றும் முறையில் ஒரு பழக்கத்தை மட்டும் இளைய ஓட்டுநர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். முன்வண்டியும் ட்ரெய்லரும் ஒரே நேர்கோட்டில் நிற்க, ட்ரெய்லரின் பிரேக்கைப் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஜாக்கியைக் கட்டையின் மேல் நன்றாக ஊன்றும்வரை இறக்க வேண்டும். சரக்கு இருந்தால், ஜாக்கியின் சிறிய கியரில் இன்னும் சில சுற்றுகள் சுற்றி, தட்டின் மேலுள்ள பாரத்தில் கொஞ்சத்தைக் கால்களுக்கு மாற்ற வேண்டும். தட்டைவிட்டே மேலெழும்பும்படி தூக்கிவிடக் கூடாது, தூக்கினால் அடுத்து மாட்ட வருகிறவருக்கு என் காவல்கிணற்று இரவைப் பரிசாகக் கொடுத்ததாகிவிடும். பிறகு ஹோஸ்களையும் ஒயரையும் கழற்றித் தரையில் இழுபடாமல் கொக்கியில் மாட்டிவிட்டு, பூட்டின் கைப்பிடியை இழுக்க வேண்டும். கைப்பிடி இறுகியிருந்தால் கம்பியை வைத்து நெம்பக் கூடாது. வண்டியைச் சற்றே பின்னால் அழுத்தினால் தாடையின் மேலுள்ள இழுப்புத் தளர்ந்து, கைப்பிடி ஒரு கைக்கு வந்துவிடும். இப்போதுதான் நான் சொல்ல வந்த இடம். முன்வண்டியை ஒரேயடியாக வெளியே எடுத்துவிடக் கூடாது. தட்டு ட்ரெய்லரின் அடியிலிருந்து விலகியதும், முன்வண்டியின் பின்சட்டம் இன்னும் ட்ரெய்லருக்கு அடியிலேயே இருக்கும்படி நிறுத்தி, பிரேக்கைப் போட்டு இறங்கி, கால்கள் தாங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். புதையப் போகிற கால் அந்த ஒரு நிமிடத்துக்குள் காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு கார்த்திகை மாதத்தில், ஓட்டப்பிடாரத்துக்கு அருகே நிறைசரக்கோடு இருந்த ட்ரெய்லரை நான் அப்படி நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தபோது, இடது பக்கப் பலகையின் ஓரத்தில் கரிசல் மண் பிதுங்கி, பலகை ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ட்ரெய்லரின் மூக்கு நான்கு விரல் இறங்கி, முன்வண்டிச் சட்டத்தின் மேல் வந்து உட்கார்ந்தது. சட்டம் அங்கே இல்லாதிருந்தால், மூக்கு மண்ணில் குத்தி, நிமிர்த்த இரண்டு கிரேன் தேவைப்பட்டிருக்கும். பக்கத்தில் நின்றுகொண்டிருந்த காவலாளியின் நிலையை நான் சொல்ல வேண்டியதில்லை. "அண்ணாச்சி, நீங்க முழுசா எடுத்திருந்தா நான் இந்நேரம் இருந்திருக்க மாட்டேன்லா" என்றார் அவர், டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டே. மெதுவாகப் பின்னால் எடுத்து மறுபடியும் மாட்டி, இருபது அடி தள்ளிச் சரளை உள்ள இடத்தில் கழற்றினேன். அரை மணி நேரம் பிந்தியது. ஆபீசில் ஏன் பிந்தியது என்று கேட்டார்கள்.

ஹோஸ்களைப் பற்றியும் ஒன்று. சிவப்பு ஹோஸ் ட்ரெய்லரின் டாங்கிக்குக் காற்று கொடுப்பது; மஞ்சள் ஹோஸ், ஓட்டுநர் மிதிக்கும்போது பிரேக்கைப் பிடிக்கச் சொல்வது. சிவப்பைக் கழற்றினால் ட்ரெய்லரின் பிரேக் பிடித்துக்கொள்ளும். மறுபடி மாட்டினால் அது விட்டுவிடும். இந்த இரண்டாவது பாதியைத்தான் பலர் மறக்கிறார்கள். செங்கோட்டைக்கு அருகே சரிவான ஓரிடத்தில், என்னுடன் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவர் ட்ரெய்லரை மாட்டிவிட்டு, முன்வண்டியின் ஹேண்ட் பிரேக்கைப் போடாமல் இறங்கினார். ட்ரெய்லரின் பிரேக் பிடித்துக்கொண்டிருந்ததால் வண்டி அசையவில்லை. அதனாலேயே அவருக்கும் நினைவு வரவில்லை. சிவப்பு ஹோஸை மாட்டிய உடனே மொத்த வண்டியும் சரிவில் நகரத் தொடங்கியது. பத்தொன்பது வயதுக் கிளீனர் பையன் ஒருவன், சக்கரத்துக்குக் கல் எடுத்துப் போட ஓடினான். கல்லோடு அவனுடைய வலது பாதமும் சக்கரத்துக்கு அடியில் போனது. ஆளுக்கு உயிர் இருக்கிறது, தொழில் போய்விட்டது. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் அதற்கென்றே பழகியவர்கள், நீண்ட தடியின் முனையில் கட்டையை வைத்து எட்ட நின்று போடுகிறவர்கள். நகரும் லாரிக்குக் கையால் கல் போட ஓடும்படி எந்தப் பையனையும் எந்த ஓட்டுநரும் பழக்கக் கூடாது. கட்டை நிற்கும்போதே வைக்க வேண்டியது. பழைய ட்ரெய்லர்களில், இரவோடிரவாக டாங்கியின் காற்று கசிந்து தீர்ந்துவிட்டால் காலையில் பிரேக்கே இருக்காது என்பதும் கட்டைக்கு இன்னொரு காரணம்.

இப்போது அந்தக் கிளீனரே வண்டியில் இல்லை என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இரண்டாவது ஆளுக்குச் சம்பளமும் படியும் கொடுக்க மனமில்லாமல், பல இடங்களில் ஓட்டுநரைத் தனியாக அனுப்புகிறார்கள். தனியாள் பின்னால் எடுக்கும்போது இடையில் யாரும் சிக்க மாட்டார்கள் என்பது ஒரு நன்மைதான். ஆனால் உயரம் பார்க்க, கைப்பிடி பார்க்க, கட்டை வைக்க, விளக்கு எரிகிறதா என்று பார்க்க, எல்லாவற்றுக்கும் அவரே ஏறி இறங்க வேண்டும். நாளொன்றுக்கு மூன்று முறை கழற்றி மாட்டுகிற ஓட்டுநர், இரவு பன்னிரண்டு மணிக்கு, விளக்கில்லாத யார்டில், மழையில், "இன்னும் என்ன செய்யிற? சத்தம் கேட்டுச்சுல்லா, எடு" என்று போனில் விரட்டுகிற குரலைக் கேட்டுக்கொண்டே குனிந்து பார்ப்பார் என்று எதிர்பார்ப்பது நியாயமா என்று நான் கேட்கவில்லை. அவர் பார்க்கத்தான் வேண்டும். அவர் பார்ப்பதற்கு வெளிச்சமும் நேரமும் கொடுக்க வேண்டிய கடமை யாருக்கு என்றுதான் கேட்கிறேன்.

யார்டு இல்லாதவர்கள் சாலையோரத்தில் கழற்றிவிட்டுப் போகிறார்கள். பாளையங்கோட்டையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை 138-இல் இரவில் சென்று பார்த்தால், முன்வண்டி இல்லாமல், விளக்கில்லாமல் நிற்கும் ட்ரெய்லர்களைக் காணலாம். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-ஆம் பிரிவு, வாகனத்தையோ ட்ரெய்லரையோ பொது இடத்தில் பிறருக்கு ஆபத்தோ இடைஞ்சலோ உண்டாகும்படி விட்டுவைக்கக் கூடாது என்று ட்ரெய்லரின் பெயரைச் சொல்லியே தடை செய்கிறது. இன்ஜினை நிறுத்தி, பிரேக்கைப் போட்டு, ஓட்டுநர் இல்லாதபோது வாகனம் தற்செயலாக நகர முடியாதபடி செய்ய வேண்டும் என்று 126-ஆம் பிரிவு சொல்கிறது. சட்டத்தில் இடம் இருக்கிறது. ட்ரெய்லரை நிறுத்தத்தான் இடம் இல்லை.

கற்றுக்கொடுப்பதிலும் இதே நிலைதான். நான் கனரக உரிமம் வாங்கியபோது, வண்டியை ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். ஒரு ட்ரெய்லரைக் கழற்றி மாட்டிக் காட்டு என்று யாரும் கேட்கவில்லை. இன்று வண்டி ஏறும் இளைஞர்களிடம் விசாரித்தாலும், தங்களிடமும் கேட்கவில்லை என்றே சொல்கிறார்கள். பிரிட்டனில் ட்ரெய்லர் இழுக்கும் லாரிக்கான உரிமத் தேர்வில், ட்ரெய்லரைக் கழற்றி மறுபடியும் மாட்டிக் காட்டுவது தேர்வின் ஒரு பகுதி. அமெரிக்காவில் 2022 பிப்ரவரி 7 முதல், இத்தகைய வண்டிக்குப் புதிதாக உரிமம் கோருகிறவர்கள் தேர்வுக்கு முன்பே கட்டாயப் பயிற்சி பெற வேண்டும். மாட்டுவதும் கழற்றுவதும் அந்தப் பயிற்சியில் அடக்கம். அங்குள்ள சாலையும் சம்பளமும் நமக்கு வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஒரு ட்ரெய்லர், ஒரு முன்வண்டி, ஒரு டார்ச், அரை மணி நேரம். இவை நம் மாவட்டத்திலும் கிடைக்கும்.

ஆகவே, துறைமுகச் சரக்கை நம்பி யார்டு நடத்துகிறவர்கள் ட்ரெய்லர் கழற்றும் இடத்தில் மட்டுமாவது, ஜாக்கிக் கால் ஊன்றும் அகலத்துக்கு இரண்டு கான்கிரீட் பட்டைகள் போட்டு, மேலே ஒரு விளக்கும் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முழு யார்டுக்கும் கான்கிரீட் போடச் சொல்லவில்லை, இரண்டு பட்டைகள் போதும். கங்கைகொண்டான் சிப்காட் வளாகத்தைப் போல ட்ரெய்லர்கள் அதிகம் வந்து நிற்கும் இடங்களில், மாவட்ட நிர்வாகம் இதை முன்னின்று செய்தால் மற்றவர்களும் பின்பற்றுவார்கள். வட்டாரப் போக்குவரத்து அதிகாரிகள், ட்ரெய்லர் ஓட்டப்போகும் இளைஞர்களிடம் கழற்றி மாட்டிக் காட்டச் சொல்லிக் கேட்கத் தொடங்க வேண்டும்.

தங்கள் பத்திரிகையின் நிருபர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படியொரு விபத்தைப் பார்க்கப் போகும்போது, முன்வண்டியின் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பூட்டுக் கைப்பிடி உள்ளே இருக்கிறதா, வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்து எழுதுங்கள். தாடைகள் மூடியிருந்து கிங் பின் முறிந்திருந்தால் அது உலோகத்தின் பழுது. தாடைகள் மூடியிருந்து, கிங் பின்னும் முறியாமல் முழுதாக இருந்தால், அது தாடைக்குள் போகவே இல்லை. உயரத்தை யாரும் பார்க்கவில்லை. கைப்பிடி வெளியே இருந்தால் பூட்டு முழுதாக விழவே இல்லை, குனிந்து பார்க்கவில்லை. பாதுகாப்புக் கொக்கி மட்டும் இல்லாமல் இருந்தால், அதை யார் எப்போது கழற்றினார்கள் என்று வண்டிக்காரரைக் கேளுங்கள், பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்கும். இவற்றில் எதைக் கண்டாலும் அதை எழுதுங்கள்; 'தானாக' என்று எழுத நேராது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ட்ரெய்லர் ஓட்டுநர் ஒருவர்,
தாழையூத்து, திருநெல்வேலி மாவட்டம்.